போலீஸ் ஏன் வாக்குமூலம் கேட்கிறது? பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்வதெல்லாம் இந்தியச் சட்டப்படி. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறை, சாட்சியம், தண்டனை ஆகிய மூன்றுக்கும் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆனால் வக்கீல்களும் போலீஸாரும் இன்றும் "161 ஸ்டேட்மெண்ட்", "164 ஸ்டேட்மெண்ட்", "27 ரெக்கவரி" என்றுதான் பேசுகிறார்கள். அதனால் முக்கியமான இடங்களில் பழைய பிரிவு எண்ணையும் சேர்த்துத் தருகிறோம்.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லுமா?

செல்லாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 23(1) பிரிவு (பழைய 25) இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாங்கியவர் கான்ஸ்டபிளா டிஜிபியா என்பது பொருட்டல்ல. 23(2) (பழைய 26) இன்னும் ஒரு படி மேலே போகிறது. போலீஸ் காவலில் இருக்கும்போது நிருபர், உறவினர், டிவி கேமரா என்று யாரிடம் ஒப்புக்கொண்டாலும் அதைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. மஜிஸ்திரேட் அருகில் இருந்தால் மட்டும்தான் விதிவிலக்கு.

இந்தத் தடைக்கு நீண்ட வரலாறு உண்டு. வரி வசூலுக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் மக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார்களை விசாரிக்க மெட்ராஸ் ராஜதானியில் ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. 1855-இல் வெளியான அதன் அறிக்கை, அது உண்மையிலேயே நடக்கிறது என்று பதிவு செய்தது. பிறகு வந்த 1861-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டம் போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலத்துக்குத் தடை போட்டது. அந்தத் தடை 1872 சாட்சியச் சட்டத்திலும் தொடர்ந்து இன்றுவரை நிற்கிறது. தன் போலீஸை நன்றாகத் தெரிந்து வைத்திருந்த அரசே போட்ட தடை இது.

செல்லாது என்றால் ஏன் அதற்காக இவ்வளவு பாடுபடுகிறார்கள்?

கோர்ட்டுக்கு உதவாத வாக்குமூலம் ஸ்டேஷனுக்குப் பல வகையில் உதவுகிறது.

முதலாவது, பொருள். நகைத் திருட்டில் புகார்தாரருக்கு வேண்டியது நகை. அது எங்கே, எந்த அடகுக்கடையில், யார் கைமாற்றினார்கள் என்பதை அறிய ஆளைப் பேசவைப்பதுதான் மிகக் குறுகிய வழி என்று விசாரணை அதிகாரி நினைக்கிறார். பொருள் கிடைத்துவிட்டால் "அவர் சொல்லித்தான் கிடைத்தது" என்ற பகுதி சாட்சியமாகவும் ஆகிவிடுகிறது. சட்டமே திறந்து வைத்திருக்கும் அந்த வாசலை அடுத்த கேள்வியில் பார்ப்போம்.

இரண்டாவது, நேரம். சிசிடிவி பதிவு, செல்போன் டவர் விவரம், கைரேகை ஒப்பீடு, தடய அறிவியல் கூட அறிக்கை எல்லாம் வந்துசேர நாட்களோ மாதங்களோ ஆகும். மேலதிகாரியும் செய்தி சேனலும் கேட்பது "இன்று யாரைப் பிடித்தீர்கள்" என்று. ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் 176(3) சொல்கிறது. அதற்கான ஆட்களும் ஆய்வகங்களும் போதுமான அளவு வரும்வரை, வாய்வழி விசாரணைமீதான சார்பு குறையாது.

மூன்றாவது, கண்டுபிடிக்காத பழைய கேஸ்கள். சங்கிலிப் பறிப்பில் ஒருவர் பிடிபட்டதும் அதே வட்டாரத்தில் துப்புக் கிடைக்காத பல பறிப்புகள் அவர் வாக்குமூலத்துக்குள் வந்துவிடுவது வழக்கம். ஒரே ஆள், ஒரே இரவு, பல கேஸ் முடிவு.

இதற்கெல்லாம் அடியில் ஒரு மனநிலை இருக்கிறது. எதிரில் இருப்பவர்தான் குற்றவாளி என்று முன்பே முடிவு செய்துவிட்டால், அவர் சொல்லும் மறுப்பு எல்லாம் நடிப்பாகத் தெரியும். விசாரணை உண்மையைத் தேடுவதை விட்டுவிட்டு ஒத்துக்கொள்ள வைப்பதில் இறங்கிவிடும். வன்முறை தொடங்கும் இடமும் இதுதான்.

"27 ரெக்கவரி" என்கிறார்களே, அது என்ன?

போலீஸ் காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருளோ உண்மையோ கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் நிரூபிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இது. இப்போது 23-ஆம் பிரிவின் வரம்புரையாக, அதாவது அந்தத் தடைக்கு விதிவிலக்காக, இருக்கிறது.

எவ்வளவு பகுதி என்பதை 1946-இல் புலுக்குரி கோட்டையா வழக்கில், அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்துவைத்தது. "என் வீட்டுக் கூரையில் கத்தியை மறைத்து வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொல்கிறார். கத்தி கிடைக்கிறது. இவ்வளவும் செல்லும். "அதை வைத்துத்தான் அவனைக் குத்தினேன்" என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த வாக்கியம் செல்லாது. கத்தி கிடைத்தது, அது அங்கே இருந்தது அவருக்குத் தெரியும் என்பது மட்டும் நிரூபணம். குத்தியது யார் என்பதை ரத்தப் பரிசோதனை, நேரில் பார்த்தவர் போன்ற வேறு ஆதாரத்தால்தான் காட்ட வேண்டும். தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் முழு வாக்குமூலத்தையும் விட்டுவிட்டு, "ஏற்கத்தக்க பகுதி" என்று அந்த ஓரிரு வரிகளை மட்டும் அரசுத் தரப்பு ஆவணமாகக் குறியீடு செய்வது இதனால்தான்.

நடைமுறையில் இந்த ரெக்கவரி உடைவது பெரும்பாலும் சில இடங்களில்தான். பொருள் ஏற்கெனவே போலீஸ் கைக்கு வந்துவிட்டது, வாக்குமூலம் பிறகு எழுதப்பட்டது என்று நேரக் கணக்கில் தெரியவரும். பொருள் கிடைத்த இடம் யார் வேண்டுமானாலும் போய்வரும் பொட்டல்காடாகவோ சாலையோரப் புதராகவோ இருக்கும். மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன்னால் எழுதும் பத்திரம்) கையெழுத்துப் போட்ட சாட்சி குறுக்கு விசாரணையில் "ஸ்டேஷனில்தான் கையெழுத்துப் போட்டேன்" என்பார். வாக்குமூல நேரம், ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய நேரம், தூரம், மகஜர் எழுதிய நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தாலே பல கேஸ்களில் முரண் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

விஏஓவிடம் போய் ஒப்புக்கொண்டதாகச் சொல்கிறார்களே?

தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் அடிக்கடி வருவது இது. குற்றம் சாட்டப்பட்டவர் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னதாகவும், அவர் எழுதி வாங்கிக்கொண்டு ஆளையும் தாளையும் ஸ்டேஷனில் ஒப்படைத்ததாகவும் குற்றப்பத்திரிகை சொல்லும். விஏஓ போலீஸ் அல்ல என்பதால் 23-ஆம் பிரிவின் தடை அதைத் தொடாது. விஏஓ அப்படி எழுதி வாங்குவதற்குச் சட்டத்தில் தடை இல்லை என்று உச்ச நீதிமன்றமும் சிவகுமார் வழக்கில் சொல்லிவிட்டது.

தடை இல்லை என்பதால் அப்படியே நம்பிவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. முன்பின் பழக்கமில்லாத அரசு அலுவலரைத் தேடிப்போய் ஒருவர் ஏன் கொலையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதுதான் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி. அதற்கு முன்பே அவர் ஸ்டேஷனில் இருந்தார் என்று காட்ட முடிந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. ஆகவே ஆளை எப்போது, எங்கிருந்து கூட்டிப்போனார்கள் என்பதைக் குடும்பத்தார் அன்றே எழுதிவைப்பதும், மின்னஞ்சலாகவோ ஸ்பீட் போஸ்டிலோ எஸ்பி அலுவலகத்துக்குத் தெரிவித்துவைப்பதும் பின்னால் பெரிய ஆதாரமாக நிற்கும்.

பேசாமல் இருக்கும் உரிமை எங்கே எழுதியிருக்கிறது?

அரசியலமைப்பின் 20(3) பிரிவு, குற்றம் சாட்டப்பட்ட யாரையும் அவருக்கு எதிராக அவரே சாட்சியாகும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. நடைமுறைச் சட்டத்தின் 180(2) (பழைய 161(2)) போலீஸ் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு, பதில் உங்களைக் குற்றச்சாட்டில் மாட்டிவிடக்கூடிய கேள்விகளுக்கு விலக்குத் தருகிறது.

இந்த உரிமை கோர்ட் கூண்டில் மட்டும்தானா, ஸ்டேஷனிலும் உண்டா என்ற சந்தேகத்தை 1978-இல் நந்தினி சத்பதி வழக்கு தீர்த்தது. ஒடிசாவின் முன்னாள் முதல்வரான அவர் போலீஸ் கொடுத்த கேள்விப் பட்டியலுக்குப் பதில் சொல்ல மறுத்தார். விசாரணைக் கட்டத்திலேயே, சந்தேகத்துக்கு உள்ளானவருக்கும் இந்த உரிமை உண்டு என்றும், நடக்கும் வழக்கில் மட்டுமல்ல, மாட்டக்கூடிய வேறு வழக்குகள் தொடர்பான கேள்விக்கும் அது பொருந்தும் என்றும் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார்.

ஒரு குறை உண்டு. அமெரிக்காவில் 1966 முதல் இருப்பதுபோல, காவலில் வைத்து விசாரிக்கும் முன் "பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு" என்று போலீஸ் சொல்லியே ஆக வேண்டும் என்ற சட்ட வாசகம் இங்கே இல்லை. ஆகவே நீங்களே தெரிந்துவைத்திருந்து கேட்க வேண்டும்.

அப்படியானால் எதற்குமே வாய் திறக்க வேண்டாமா?

பெயரையும் முகவரியையும் சொல்லிவிடுங்கள். மறுத்தால் சாதாரணக் குற்றத்துக்குக்கூடக் கைது செய்ய நடைமுறைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு இடம் தருகிறது. கைரேகை, கையெழுத்து மாதிரி, ரத்தம், குரல் மாதிரி ஆகியவற்றையும் இந்த உரிமையைச் சொல்லி மறுக்க முடியாது. 1961-இல் காத்தி காலு ஒகத் வழக்கு கைரேகையையும் கையெழுத்தையும், 2019-இல் ரிதேஷ் சின்ஹா வழக்கு குரலையும் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே வைத்தன. உடலிலிருந்து எடுக்கும் அடையாளம் வேறு, உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லவைப்பது வேறு என்பதுதான் அடிப்படை.

அதே அடிப்படையில்தான் 2010-இல் செல்வி வழக்கில், நார்கோ பரிசோதனை (மருந்து செலுத்திப் பேசவைப்பது), பொய் கண்டறியும் சோதனை, மூளை வரைபடச் சோதனை மூன்றையும் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செல்போன் கடவுச்சொல்லைச் சொல்லக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்களிடையே ஒரே நிலைப்பாடு இன்னும் வரவில்லை. வக்கீலிடம் பேசாமல் சொல்ல வேண்டாம்.

பொய் சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். மௌனத்தைச் சட்டம் காப்பாற்றும். "அன்று ஊரிலேயே இல்லை" என்று சொல்லி, டவர் விவரம் வேறு மாதிரி வந்தால் அந்தப் பொய்யே உங்களுக்கு எதிரான சங்கிலியில் ஒரு கண்ணியாகிவிடும்.

பேசாவிட்டால் "ஒத்துழைக்கவில்லை" என்று ஜாமீன் மறுக்க மாட்டார்களா?

போலீஸ் தரப்பு அப்படி வாதிடுவது உண்டு. 2017-இல் சந்தோஷ் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது: ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்காக அவர் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று ஆகாது. சொன்ன தேதியில் ஆஜராவது, கேட்ட ஆவணத்தைத் தருவது, மாதிரிகளைத் தருவது எல்லாம் ஒத்துழைப்புதான். ஒவ்வொரு முறை ஆஜரானதற்கும் ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு நடக்கும்போது நீதிபதி நடைமுறைச் சட்டத்தின் 351-ஆம் பிரிவின்கீழ் (பழைய 313) கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லாவிட்டாலும் தண்டனை கிடையாது. ஆனால் அங்கே மௌனம் எப்போதும் நல்லதில்லை. பூட்டிய வீட்டுக்குள் இருவர் மட்டும் இருந்து ஒருவர் இறந்துகிடந்தால், மற்றவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அவர்தான் விளக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு (பழைய 106) எதிர்பார்க்கிறது. ஸ்டேஷனில் காக்கும் மௌனத்தையும் கோர்ட்டில் காக்கும் மௌனத்தையும் ஒன்றாக நினைக்காதீர்கள்.

தப்பே செய்யாதவர் ஏன் ஒப்புக்கொள்ளப் போகிறார்?

வலி தாங்காமல் என்பது ஒரு பதில்தான். தூக்கம் கெடுவது, "ஒத்துக்கிட்டா வீட்டுக்குப் போகலாம்" என்ற வாக்கு, மனைவியையோ தம்பியையோ கூட்டிவந்து உட்கார வைப்பது, எல்லா ஆதாரமும் கிடைத்துவிட்டது என்ற பொய் ஆகியவை அடி விழாமலே ஆளை உடைத்துவிடும். இந்த நிமிடத்திலிருந்து தப்பினால் போதும், கோர்ட்டில் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றும். கேள்வி கேட்பவரே சம்பவத்தின் விவரங்களை வாயில் போட்டுவிடுவதால் வாக்குமூலம் தத்ரூபமாகவும் இருக்கும். சிறுவர்கள், மனநலப் பாதிப்புள்ளவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இதில் சீக்கிரம் விழுவார்கள்.

2017 செப்டம்பரில் குருகிராமில் ஒரு தனியார் பள்ளிக்குள் ஏழு வயதுச் சிறுவன் கொல்லப்பட்டபோது, பள்ளிப் பேருந்தின் நடத்துநர் அன்றே கைதானார். கேமராக்களின் முன்னால் ஒப்புக்கொண்டார். நாடே பார்த்தது. வழக்கு சிபிஐக்கு மாறியதும் அவருக்கு எதிராக எதுவும் கிடைக்கவில்லை, அதே பள்ளியின் மாணவர் ஒருவர்மீது விசாரணை திரும்பியது. 2018 பிப்ரவரியில் நடத்துநரைக் கோர்ட் விடுவித்தது. விசாரணை சிபிஐக்கு மாறாமல் இருந்திருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

போனில் "ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க" என்கிறார்கள். என்ன செய்வது?

பெரும்பாலான கெடுதல்கள் நடப்பது கைது என்று பதிவாவதற்கு முந்தைய, எந்தக் கணக்கிலும் வராத மணிநேரங்களில்தான். "மனு விசாரணை", "சும்மா என்கொயரி" என்று கூப்பிடும்போது எஃப்ஐஆர்கூட இருக்காது, கைதானவரை மஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்கும் தொடங்கியிருக்காது.

எழுத்து மூலம் சம்மன் கேளுங்கள். நடைமுறைச் சட்டத்தில் அது சாட்சியாக என்றால் 179, சந்தேக நபராக என்றால் 35(3). 35-இன்கீழான நோட்டீஸை வாட்ஸாப்பில் அனுப்பக் கூடாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெண்கள், 15 வயதுக்குட்பட்டவர்கள், 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுள்ளவர்கள் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு அழைக்க முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும்.

தனியாகப் போகாதீர்கள். போகும் நேரத்தையும் அழைத்த அதிகாரியின் பெயரையும் வெளியே ஒருவருக்கு மெசேஜாக அனுப்பிவிட்டு, அவரை ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போங்கள்.

பேச விருப்பமில்லை என்பதை எப்படிச் சொல்வது?

மரியாதையாக, சுருக்கமாக, ஒரே வாக்கியத்தில். "சார், என் பெயர் முகவரி சொல்லிட்டேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னா எனக்கு எதிரா ஆகலாம், அதனால வக்கீல்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்." எத்தனை தடவை கேட்டாலும் இதே வாக்கியம். பாதி பதில் சொல்லிவிட்டு நிறுத்துவதுதான் சிக்கல், அடுத்த கேள்வி அந்தப் பாதியிலிருந்துதான் பிறக்கும்.

வக்கீல் கூடவே உட்காரலாமா?

விசாரணையின்போது விருப்பமான வக்கீலைச் சந்திக்க நடைமுறைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு உரிமை தருகிறது, ஆனால் விசாரணை முழுவதும் கூடவே இருக்க முடியாது. வசதியில்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணில் இலவச வக்கீல் கேட்கலாம்.

கையெழுத்துக் கேட்டால்?

180-இன்கீழ் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்துப் போடக் கூடாது என்று 181 (பழைய 162) சொல்கிறது. கைது குறிப்பு, கைப்பற்றுதல் மகஜர் போன்றவற்றில் கையெழுத்துக் கேட்பார்கள். படித்துப் பார்த்து, தேதியும் நேரமும் உங்கள் கையால் எழுதிப் போடுங்கள். வெற்றுத்தாளில் போடவே கூடாது. மிரட்டி வாங்கிவிட்டார்கள் என்றால் முதன்முறை மஜிஸ்திரேட்டைப் பார்க்கும்போதே எத்தனை தாள் என்பதோடு சொல்லிவிடுங்கள்.

மஜிஸ்திரேட் முன் கொடுத்தால் செல்லுமா?

செல்லும், கனமான சாட்சியமும் அதுதான். 183-இன்படி (பழைய 164) ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை என்றும், ஒப்புக்கொண்டால் அது எதிராகப் பயன்படும் என்றும் மஜிஸ்திரேட் முதலில் விளக்க வேண்டும். சுயவிருப்பமா என்று கேட்டுத் திருப்தி அடைய வேண்டும். யோசிக்கக் குறைந்தது 24 மணி நேரமாவது தருவது நியாயம் என்று 1957-இல் சர்வான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. "விருப்பமில்லை" என்று சொன்னவரைத் திரும்பப் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஸ்டேஷனில் மிரட்டிச் சொல்லிக்கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் பயப்படுவது இதற்குத்தான்: மறுத்தால் திரும்ப அங்கேயே அனுப்பிவிடுவார்களோ என்று. அனுப்ப முடியாது.

அமலாக்கத் துறை, சுங்கத் துறை, போதைப்பொருள் தடுப்பு?

இவர்களில் எல்லோரும் "போலீஸ்" ஆக மாட்டார்கள் என்பதால் சட்டம் வேறுபடுகிறது. சுங்க அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலம் சாட்சியமாகலாம். அமலாக்கத் துறை அதிகாரிகள் போலீஸ் அல்ல என்று 2022-இல் விஜய் மதன்லால் வழக்கில் தீர்ப்பு வந்தது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின்கீழ் வாங்கும் வாக்குமூலம் செல்லாது என்று, தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில் 2020-இல் தீர்ப்பானது.

போலீஸ் வாக்குமூலமே செல்லும் என்ற சட்டம் இருந்ததா?

தடா, பொடா என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களில் இருந்தது. எஸ்பி அல்லது அதற்கு மேற்பட்டவர் பதிவு செய்தால் போதும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-இல் 26 பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது, 1999-இல் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. தடா குற்றம் நிரூபணமாகவில்லை என்று சொன்ன அதே தீர்ப்பு, தடாவின்கீழ் எடுத்த வாக்குமூலங்களை மட்டும் ஏற்றுக்கொண்டது. தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என, அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன் சொன்னதை எழுதாமல் விட்டுவிட்டேன் என்று, பதிவு செய்த அதிகாரியே பல ஆண்டுகள் கழித்து வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளன் வெளியே வந்தது 2022-இல்.

அடித்துவிட்டார்கள். எதை, எப்போது, யாரிடம் சொல்வது?

வாக்குமூலத்துக்காகவோ பொருளை மீட்கவோ காயப்படுத்துவது புதிய தண்டனைச் சட்டம் 120-இன்படி ஏழாண்டு வரையிலும், கொடுங்காயமானால் பத்தாண்டு வரையிலும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும், 2025-இல் திருப்புவனம் அருகே நகைத் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துச் செல்லப்பட்ட கோயில் காவலாளியும் உயிரிழந்த பிறகும், "வழுக்கி விழுந்தார்" என்ற விளக்கமும் மாவுக்கட்டுப் புகைப்படங்களும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்தப் படங்களைப் பார்த்துக் கைதட்டுபவர்கள் நாளை தம் வீட்டுப் பிள்ளையும் அங்கே உட்காரலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் வாய்ப்பு, கைதானதும் நடைமுறைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவின்படி நடக்கும் மருத்துவப் பரிசோதனை. டாக்டரிடம் எங்கெங்கே வலி, எதனால் அடித்தார்கள் என்று சொல்லுங்கள். போலீஸார் பக்கத்தில் நின்றால் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். இரண்டாவது, ரிமாண்டுக்காக மஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போது. எப்போது எங்கே பிடித்தார்கள், யார் அடித்தார்கள், காயம் எங்கே என்ற மூன்றையும் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். சட்டையை விலக்கிக் காட்டத் தயங்க வேண்டாம். மூன்றாவது, சிறையில் சேர்க்கும்போது நடக்கும் பரிசோதனை. இந்த மூன்று பதிவுகளும் ஒத்துப்போனால் பின்னால் யாரும் மாற்ற முடியாது.

குடும்பத்தார் செய்ய வேண்டியது சிசிடிவி. 2020-இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் ஒவ்வொரு ஸ்டேஷனின் வாசல், லாக்கப், வராந்தா, வரவேற்பு, அதிகாரி அறை எல்லாவற்றிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும் என்றும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றும், அந்த வசதியுள்ள கருவி கிடைக்காத இடத்தில் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் கேட்காவிட்டால் "பழுது", "அழிந்துவிட்டது" என்ற பதில்தான் வரும். ஆளைக் கூட்டிப்போன அன்றே, தேதி, மணி, ஸ்டேஷன் பெயர் குறிப்பிட்டு, இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரையிலான பதிவைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று எஸ்பிக்கும் அந்த எல்லை மஜிஸ்திரேட்டுக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் மனு அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.